பானட்டில் ஆறு வளையங்கள்

அந்தக் காரை இழுவை வண்டியிலிருந்து இறக்கியபோது அது என்ன நிறம் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. கூரை, பானட், டிக்கி எல்லாவற்றிலும் பறவை எச்சம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கதவின் கீழ்ப்பகுதியைப் பார்த்த பிறகுதான் கருநீலம் என்று தெரிந்தது. கார் கழுவும் ஷெட்டில் இருந்தவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள்.

"பறவைங்க எல்லாம் கூடி மாநாடு போட்டிருக்கு போல," என்றான் ஒருவன்.

காரோடு வந்தவன் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். சாவியை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தான்.

"கறை இருந்த சுவடே தெரியக் கூடாது," என்றான். "விக்கணும். உள்ளே ஒண்ணும் செய்ய வேண்டாம். உள்ளே நானே சுத்தம் பண்ணிட்டேன்."

"எவ்வளவு நாள் நின்னுச்சு?" என்று கேட்டாள் மெழுகு.

"தெரியல. எங்க மாமா வண்டி. நிறுத்திட்டுப் போயிட்டார்."

மெழுகு மேலே கேட்கவில்லை. காரை மரத்தடியில் விட்டுவிட்டு வெளியூர் போய்விடுகிறவர்கள் உண்டு. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கடைசியாக வாக்ஸ் போட்டுப் பளபளப்பு ஏற்றுவது அவள் வேலை என்பதால் ஷெட்டில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அவள் புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறான் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அவன் அதே ஷெட்டில் பிரஷர் பைப் பிடிப்பவன். புதிதாக வருகிறவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் காலையில எட்டு மணிக்கே தண்ணி அடிக்க ஆரம்பிச்சிடுவார்" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்வாள். அவர்கள் முகம் மாறிய பிறகுதான் பைப்பைக் காட்டுவாள். பதினோரு வருஷமாக அதே ஜோக். அவனுக்கும் அலுக்கவில்லை.

அன்று மதியம் அவள் வேலையைத் தொடங்கினாள். எச்சத்தில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்: துடைக்கக் கூடாது, ஊறவைத்து எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஒவ்வொரு பொருக்கின் மீதும் போட்டுப் பத்து நிமிஷம் விட்டாள். பிறகு துணியை அழுத்தாமல் அப்படியே மேலே தூக்கினாள். எச்சத்தில் பொடிப்பொடியாக மீன் முள் இருந்தது. நீர்க்காகங்கள். அப்படியென்றால் ஏதோ நீர்நிலைக் கரையில் நின்ற வண்டி. மீன் தின்னும் பறவையின் எச்சம் மற்றதைவிடக் காரம். வெயிலில் பெயிண்டின் மேல்பூச்சு இளகும்போது உள்ளே இறங்கி, ராத்திரி இறுகும்போது அங்கேயே தங்கிவிடும்.

பொருக்கு முழுவதும் போன பிறகு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். கூரையெல்லாம் அம்மை வந்து போன முகம் மாதிரி குழி. சில இடங்களில் மேல்பூச்சு வெடித்தே போயிருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்காத வண்டி.

ஆனால் ஓட்டுநர் பக்கத்து பானட்டில் வேறு ஒன்று தெரிந்தது. குழிகளுக்கு அடியில், டீ கிளாஸ் வைத்து எடுத்த தடம் போல மெல்லிய வளையங்கள். ஒன்றின் மீது ஒன்று பாதி ஏறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி முடி மாதிரி மெல்லிய கீறல். யாரோ காய்ந்தும் காயாத எச்சத்தைக் கைக்குட்டையால் வட்ட வட்டமாகத் துடைத்திருக்கிறார்கள். மீன் முள் கீறியிருக்கிறது.

கைக்கு ஒரு பழக்கம். அவள் எண்ணினாள். ஆறு.

மறுநாள் காலை ஒரு அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது. வெளுத்த பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. காரில் முன் சீட்டுக்கு எதிரே உள்ள சின்ன அறையில் சில பொருள்கள் இருக்கும், எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மெழுகு திறந்துவிட்டாள். ஒரு ஸ்க்ரூடிரைவர் பெட்டி, ஒரு டார்ச், வண்டியின் சர்வீஸ் புத்தகம். அவற்றைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் அந்த அம்மாள் கிளம்பவில்லை. ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போறேன். உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?"

"பாருங்க அக்கா. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சா எனக்கும் நல்லதுதான். இங்கே எல்லாருக்கும் மெஷின் சத்தத்துல பாதி காது போச்சு."

அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மெழுகுக்கு வாயைத் திறந்துவிட்டது. விளக்கைச் சாய்த்துக் காட்டி, எச்சம் எப்படிப் பெயிண்டைத் தின்னும், எது பாலிஷில் போகும், எதற்கு உப்புத்தாள் வேண்டும், எதற்குப் புதிதாகப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்படியே பானட்டுக்கு வந்தாள்.

"வண்டிக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனா வெறுந்துணியால துடைச்சிருக்கார் பாருங்க. தினமும் துடைச்சிருக்கார். அப்புறம்தான் விட்டுட்டார்."

"தினமுமா?"

"ஆமாக்கா. இந்த வளையம் ஆறும் ஒரே மாதிரி மெல்லிசா இருக்கு. மொத்தமா சேர்த்து ஒரே நாள்ல துடைச்சிருந்தா, முதல்ல விழுந்தது ஆழமாவும் கடைசியில விழுந்தது லேசாவும் இருக்கும். இது அன்னன்னிக்கு விழுந்ததை அன்னன்னிக்குத் துடைச்சது. அதே கிளை, அதே பறவை, அதே இடம். ஆறு நாள். அதுக்கு மேலே விழுந்ததுதான் இந்தக் குழியெல்லாம்."

சொல்லிவிட்டு அவள் துணியைத் தண்ணீரில் முக்கினாள். திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் எழுந்து நின்றிருந்தார்.

"அது வீட்டுல நின்னப்போ விழுந்ததா இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம். வீட்டுல எங்கே நிக்கும்?"

"கூரைக்கு அடியில." அந்த அம்மாள் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டதை உணர்ந்து நிறுத்தினார். "அவர் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் வாக்ஸ் போட்டார். ஒரு புள்ளி இல்லாம வச்சிருந்தார்."

"அதிலேயும் மீன் முள் கீறல் இருக்கே அக்கா. ஊருக்குள்ளே காக்காதான் இருக்கும்," என்றாள் மெழுகு. சொல்லும்போதே, தான் எதிலோ காலை வைத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது.

அந்த அம்மாள் மறுபடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் லிஃப்டை மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போட்ட பதினேழாம் நாள், நாலாம் மாடியில் லிஃப்ட் வராமலே கதவு திறந்துகொண்டது. வாட்ச்மேன் பார்க்காமல் காலை வைத்தார். அடியில் போய் விழுந்து அங்கேயே உயிர் போனது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அங்கே போகவில்லை. போன் அணைந்திருந்தது. இருபத்து மூன்றாம் நாள், நாற்பது நிமிஷத் தொலைவில் உள்ள ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் கார் நிற்பதை மீன் பிடிக்கிறவர்கள் சொன்னார்கள். அன்று மாலையே உடலையும் எடுத்தார்கள்.

"தண்ணியில ரெண்டு வாரமா மூணு வாரமான்னு டாக்டரால சரியா சொல்ல முடியல. போன அன்னிக்கே முடிஞ்சிருக்கும்னு போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்." அவர் பையின் கைப்பிடியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அப்படி நினைச்சா தூக்கம் வந்துச்சு."

மெழுகின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மன்னிச்சிடுங்க என்று சொல்லலாமா என்று யோசித்தாள். எதற்கு மன்னிப்பு என்று தெரியவில்லை.

"கைவைக்காதீங்கம்மா," என்றார் அந்த அம்மாள் எழுந்துகொண்டே. "நாளைக்கு என் தம்பியைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் இதை அப்படியே விட்டு வைங்க."

மூன்று மணிக்கெல்லாம் தம்பி தனியாக வந்துவிட்டான். காரை இழுவை வண்டியில் கொண்டுவந்த அதே ஆள். ஷெட்டின் பின்பக்கம், காலி டிரம்கள் அடுக்கியிருந்த இடத்துக்கு மெழுகைக் கூப்பிட்டான். கோபமாக வருவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் கைகூப்பினான்.

"தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க. வெயில்ல அப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. இன்னிக்கே அதை அழிச்சிடுங்க. அக்கா வந்து பார்க்கறப்போ ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அக்கா கைவைக்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்களே."

"மூணாவது நாள் அக்கா போலீஸுக்குக் கிளம்பினா," என்றான் அவன், அவள் சொன்னது காதில் விழாதவன் போல. "நான்தான் நிறுத்தினேன். மாமா எங்கேயோ ஒளிஞ்சிருக்கார், மனசு ஆறினதும் வருவார், இப்போ புகார் கொடுத்தா விசாரணைக்குப் பயந்து ஓடிட்டார்னு பேர் ஆயிடும், வேலை போயிடும்னு சொன்னேன். அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒன்பதாவது நாள்தான் புகார் கொடுத்தோம்." அவன் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "போன அன்னிக்கே முடிஞ்சிருச்சுன்னா நான் சொன்னதுல ஒண்ணும் கெட்டுப் போகல. புரியுதா உங்களுக்கு?"

புரிந்தது. அதனால்தான் அவளால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, முடியாது என்றும் சொல்ல முடியவில்லை.

அவன் போன பிறகு புருஷனிடம் சொன்னாள். அவன் பைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"அழிச்சிடேன். செத்தவர் வரப் போறதில்லை. இருக்கிற ரெண்டு பேராவது ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கலாம்."

"அந்தம்மா என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கு."

"நீ முதல்லயே வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம்."

அவளும் அதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதும் ஆத்திரம் வந்தது. பானட்டின் மீது ஒரு பழைய போர்வையை விரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். போர்வையை எடுக்கச் சொன்னார் அந்த அம்மாள். மெழுகு விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் நகத்தால் முதல் வளையத்தைத் தொட்டு, அதன் ஓரமாகவே ஒரு சுற்று வந்தார். பிறகு அடுத்தது. தம்பி இரண்டடி தள்ளி நின்று மெழுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து நீங்க சொன்னது தப்பா இருக்கலாம்னு இவன் சொல்றான்," என்றார் அந்த அம்மாள் நிமிராமலே. "தப்பாம்மா?"

பக்கத்தில் யாரோ ஒரு காருக்கு ஏர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெழுகு விளக்கை அணைத்துக் கீழே வைத்தாள். சத்தம் நின்றது.

"தப்பில்லை அக்கா."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆறு நாள் ஒருத்தர் வண்டியில இருந்திருக்கார்," என்றார் அந்த அம்மாள். இப்போது தம்பியிடம். "ஒரு தண்ணி பாட்டில்கூடவா இருந்திருக்காது? உள்ளே என்னடா இருந்துச்சு?"

"அக்கா, வெளியில போய்ப் பேசலாம்."

"இங்கேயே சொல்லு."

அவன் சொன்னான். பின் சீட்டில் காலி பாட்டில்கள். ரொட்டிக் கவர். சட்டையைத் துவைத்து ஜன்னல் மேலே காயப்போட்டிருந்தார். ஒரு பழைய சர்வீஸ் தாளின் பின்பக்கத்தில் அந்த லிஃப்டின் கதவுப் பூட்டை மூன்று நாலு முறை வரைந்து வரைந்து பார்த்திருந்தார். எங்கே தவறினோம் என்று தேடியிருக்கிறார் போல.

"எங்கே அதெல்லாம்?"

"போலீஸ் அதையெல்லாம் கண்டுக்கல. ஸ்டேஷன் பின்னாடி குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். நீ பார்க்கக் கூடாதுன்னுதான்..."

"சட்டை?"

"அதையும்தான்."

அந்த அம்மாள் கத்துவார், அடிப்பார், மயங்கி விழுவார் என்று மெழுகு ஒரு கையைத் தயாராக வைத்திருந்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை.

"வியாழக்கிழமை நான் செருப்பை மாட்டிட்டு வாசல்ல நின்னேன்," என்றார். குரல் உயரவில்லை. "நீதான் கழட்டுக்கான்னு சொன்னே. நான் கழட்டினேன். நீ சொன்னதுக்காக இல்லடா. எனக்கும் பேர் கெட்டுடுமேன்னு பயம். கழட்டிட்டு உள்ளே போய் உனக்குச் சோறு போட்டேன். அவர் அங்கே வண்டியைத் துடைச்சிட்டிருந்திருக்கார்."

பிறகு மெழுகைப் பார்த்து, "அழிச்சிடுங்கம்மா. நான் பார்த்துட்டேன். போதும்," என்றார். தம்பி பின்னாலேயே போனான். அவர் அவனுக்காக நிற்காமல் நடந்து தெருமுனையில் திரும்பினார்.

மெழுகு பாலிஷ் மெஷினை எடுத்தாள். கண்ணாடி ஓரத்துக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்டினாள். பானட்டில் கொட்டைப் பாக்கு அளவு காம்பவுண்ட் பசையை வைத்து, மெஷினை மெதுவாக ஓட்டினாள். குழிகளுக்கு உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. கூரையில் இரண்டு இடங்கள் என்ன செய்தும் போகவில்லை, பெயிண்ட் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்த ஆறு வளையங்களும் இருபது நிமிஷத்தில் போய்விட்டன. அன்றன்றைக்குத் துடைத்ததால் அவை ஆழமாக இறங்கியிருக்கவில்லை. அவள் துணியால் ஒத்தி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, கருநீலத்தில் ஷெட்டின் தகரக் கூரையும் அவள் முகமும் மட்டும் தெரிந்தன.

கார் விற்றுப்போனது. வாங்கினவர் யார் என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் தம்பி மறுபடி வந்தான். நடந்தே வந்திருந்தான். இளைத்திருந்தான், சட்டை தோளிலிருந்து தொங்கியது. அக்கா வீட்டில் இருந்தவன் இப்போது தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னான். அக்கா போ என்று சொல்லவில்லையாம். அவன் உள்ளே வந்தால் அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். ஒரு மாதம் பார்த்துவிட்டு அவனே கிளம்பிவிட்டான்.

மெழுகு அவனுக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். அவன் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணும். நிஜமாவே ஆறு நாள்தானா?"

அவள் ஒரு டப்பாவை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரே நாள்ல ரெண்டு தடவை துடைச்சிருக்கலாம் இல்லையா? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவர் அப்படிப்பட்டவர்தான். சும்மா இருக்க மாட்டார். அப்படின்னா மூணு நாள்தான் வருது. செவ்வாய், புதன், வியாழன். வியாழக்கிழமை அக்கா கிளம்பியிருந்தாலும்..." அவன் விரலை மடக்கி எண்ணினான். "ரொட்டிக் கவர் நாலுதான் இருந்துச்சு. நாலு கவர் ஆறு நாளைக்கு வராது. வருமா?"

அவன் இதை எத்தனை தடவை தனக்குத் தானே எண்ணிப் பார்த்திருப்பான் என்று அந்த விரல் மடங்கிய விதத்திலேயே தெரிந்தது. நீர்க்காகங்கள் பகலெல்லாம் தண்ணீரில் இருக்கும், அடைவதற்குத்தான் மரத்துக்கு வரும், விடிந்தால்தான் துடைக்க எச்சம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாளுக்கு ஒரு வளையம்தான். ஒரு முறை உண்மையைச் சொல்லி என்ன ஆனது என்றும் அவளுக்குத் தெரியும்.

"இருக்கலாம் தம்பி," என்றாள். "ரெண்டு வேளை துடைச்சிருந்தா மூணு நாள்தான். அன்னிக்கு எனக்கு அது தோணல."

அவன் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று இளகியது. டீயை ஒரே மடக்கில் குடித்தான். ஆறிப்போயிருக்கும்.

"இதை அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

அவனே நம்பரைச் சொன்னான். மெழுகு போனை எடுத்துக்கொண்டு, ஷெட்டுக்கு வெளியே, பைப்பின் இரைச்சல் கேட்காத இடத்துக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்த அம்மாள் உடனே எடுத்தார். மெழுகு யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, குரலிலேயே தெரிந்துகொண்டார்.

"அக்கா, அன்னிக்கு நான் ஒண்ணை யோசிக்காம சொல்லிட்டேன். ஒரே நாள்ல ரெண்டு வேளை..."

"அவன் அங்கே வந்திருக்கானா?"

மெழுகு போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இளைச்சிருக்கானா?"

"ஆமாக்கா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"நான் அந்த இடத்துக்குப் போனேம்மா," என்றார் அந்த அம்மாள். "மூணு தடவை போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த மரத்தடியில உட்கார்ந்து பார்த்தேன். பறவைங்க பொழுது சாயறப்பதான் வருது. விடிஞ்சதும் போயிடுது. ஆறு நாள்தான். அவன்கிட்ட நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க. என்கிட்ட சொல்லாதீங்க."

போனை வைத்துவிட்டார். மெழுகு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். ஷெட்டுக்குள் அவன் காலி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போனை இறக்கியதும் எழுந்து வந்தான்.

"என்ன சொன்னா?"

"எடுக்கல தம்பி," என்றாள் மெழுகு.